‘அண்ணே, கொழும்புல யாரையாவது தெரியுமா?’

பொகவந்தலாவையில் ஞாயிறு ஆராதனை காலை ஒன்பது மணிக்கு என்றால், இளைஞர் ஊழியருக்கு வேலை சனிக்கிழமை மத்தியானமே தொடங்கிவிடும். முதலில் டவுனில் ஒரு கடையில் போனுக்கு ரீலோட். பிறகு, போன வாரம் வராத பிள்ளைகளின் பெயர்களை ஒரு தரம் பார்த்துக்கொள்வது. அதற்குப் பிறகு பஸ். கெம்பியன் பக்கம் போவதா, கொட்டியாகலைக்கா, லெட்சுமி தோட்டத்துக்கா என்பதை எந்த பஸ் முதலில் கிளம்புகிறது என்பதே பாதி நாள் தீர்மானிக்கும். இறங்கிய இடத்திலிருந்து, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு ஏற்றம். மழை பெய்திருந்தால் குறுக்குப் பாதையெங்கும் அட்டை. சவர்க்காரத் துண்டு ஒன்றைப் பையிலேயே வைத்திருக்கும் ஊழியர்கள் உண்டு; காலில் தேய்த்துக்கொள்ள உப்பைவிட அதுதான் வசதி என்கிறார்கள்.

லயத்துக்குள் நுழைந்ததும் பைபிளைத் திறப்பதில்லை. இஸ்தோப்பில் உட்கார வேண்டும். சாயத்தண்ணி வரும், குடிக்க வேண்டும்.

“கொழுந்து எப்படிம்மா, கிலோ வருதா?”

“எங்க தம்பி, மழைக்குக் கொழுந்து இருக்கு. நிறுவையில ஈரம், காம்புனு கழிச்சிட்டா என்ன மிஞ்சும்?”

இப்படி அரை மணி நேரம் போகும். அப்புறம்தான் வந்த விஷயம்.

“சின்னவனப் போன ஞாயித்துக்கெழம காணலியே?”

“அவன் கொழும்புக்குப் போயிட்டான் தம்பி. ஹோட்டல் வேலையாம். ஒரு அண்ணன் வந்து கூட்டிட்டுப் போனாரு.”

“எந்த ஹோட்டல்மா?”

“அது தெரியல. வெள்ளவத்தைப் பக்கமாம்.”

ஊழியர் போனை எடுக்கிறார். வெள்ளவத்தையில் ஒரு போதகர். தெஹிவளையில், முன்பு இதே தோட்டத்திலிருந்து போன ஓர் அக்கா. கொட்டாஞ்சேனையில் ஒரு பாதர் நடத்தும் இளைஞர் குழுவின் செயலாளர். மூன்று பேருக்கும் ஒரே குரல்பதிவு: பையன் பெயர், வயது, எந்தத் தோட்டம், யாருடைய மகன். முற்றத்தில் சிக்னல் இல்லை. மேலே மலைக்கு ஏறி, தண்ணீர்த் தாங்கிப் பக்கம் நின்று அனுப்புகிறார். இரவு பத்து மணிவாக்கில் அந்த அக்காவிடமிருந்து பதில்: “ஆளக் கண்டுபிடிச்சாச்சு. நாளைக்கு போய்ப் பாக்குறேன்.”

கிறிஸ்தவ இளைஞர் ஊழியம் என்றால் வெளியாருக்கு நினைவுக்கு வருவது கிட்டார், மேடை, கைதட்டல், மூன்று நாள் முகாம். அவையெல்லாம் இங்கேயும் உண்டு. ஆனால் மலையகத்தில் இந்த ஊழியத்தின் பெரும்பங்கு அந்த மூன்று குரல்பதிவுகளில்தான் இருக்கிறது. எத்தனை பேர் கூட்டத்துக்கு வந்தார்கள் என்று சபைகள் எண்ணுகின்றன. ஊரை விட்டுப் போன பிள்ளை யாருடைய பார்வையில் இருக்கிறான் என்று யாரும் எண்ணுவதில்லை. எண்ண வேண்டியது அதைத்தான்.

கடிதம் போகாத இடம்

தொடர்பு ஏன் இங்கே இவ்வளவு பெரிய விஷயம் என்று நகரத்தில் இருப்பவருக்குப் புரிவது கஷ்டம். பெரும்பாலான லயங்களுக்கு வீட்டிலக்கம் இல்லை, தெருப் பெயர் இல்லை. தோட்டத்தின் பெயர், டிவிசனின் பெயர், அத்தோடு முகவரி முடிந்தது. கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். அங்கிருந்து யாராவது எடுத்துவந்து கொடுத்தால் உண்டு. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேதி முடிந்த பிறகு கைக்கு வந்த கதை எந்தத் தோட்டத்தில் கேட்டாலும் கிடைக்கும்.

முகவரி இல்லாத இந்த மலையகத் தமிழரின் வரலாறு 1823இல் தொடங்கியது என்று கணக்கு வைக்கப்படுகிறது. இந்த மக்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இதே மண்ணில் இருக்கிறார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974இல் சிறிமாவும் இந்திரா காந்தியும் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். எஞ்சியிருந்தவர்களின் குடியுரிமைப் பிரச்சினை முடிவுக்கு வர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை ஆனது. குடியுரிமை வந்துவிட்டது; ஆனால் பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை, அடையாள அட்டை விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்து, சிங்களத்தில் மட்டும் கிடைக்கும் படிவம் என்று சில்லறைத் தொல்லைகள் விடவில்லை. இந்த விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பதும் இளைஞர் ஊழியரின் வேலைதான். ‘ஊழிய அறிக்கை’ எழுதும்போது இதை எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாமல் விட்டுவிடுவதாக ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

சாதாரண தரம் எழுதி முடித்த கையோடு பிள்ளைகள் தோட்டத்தை விட்டுக் கிளம்புகிறார்கள். கொழுந்து பறிக்கும் வேலையை அம்மாவோடு முடித்துக்கொள்ளலாம் என்ற முடிவை வீடே எடுத்திருக்கிறது. 1,000 ரூபாய் நாட்சம்பளத்துக்காக எத்தனை வருடம் போராட்டம் நடந்தது, 2021இல் அது கிடைத்தபோது விலைவாசி எங்கே நின்றது என்பதை இங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. பையன்களுக்குக் கொழும்பில் கடை, ஹோட்டல், கட்டட வேலை. பெண் பிள்ளைகளுக்கு ஆடைத் தொழிற்சாலை, வீட்டு வேலை, கொஞ்சம் வயது வந்ததும் மத்திய கிழக்கு. போகிற வழி பெரும்பாலும் ஒன்றுதான்: தெரிந்தவர் ஒருவர் கூட்டிப் போவது.

துண்டுக் கடனும் அட்வான்ஸும்

தெரிந்தவர் கூட்டிப் போவது மலையகத்துக்குப் புதிதல்ல. தமிழகத்துக் கிராமங்களிலிருந்து இங்கே ஆள் கொண்டுவந்த கங்காணியும் ‘தெரிந்தவர்’தான், சொந்த ஊர்க்காரர், பல நேரம் சொந்தச் சாதிக்காரர். கூட்டிவந்த செலவு தொழிலாளியின் தலையில் கடனாக ஏறியது. அந்தக் கடன் எழுதிய ‘துண்டு’ இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர முடியாது. 1921இல் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். நூறு வருடம் கழித்து, வேலைக்கு ஆள் பிடிக்கும் தரகர் வீட்டில் ஓர் ‘அட்வான்ஸ்’ கொடுத்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போகிறார். பெயர் மாறியிருக்கிறது.

2021 ஜூலையில் டயகமத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி கொழும்பில் இறந்தாள். வீட்டு வேலைக்குப் போனவள்; தீக்காயங்களோடு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு உயிரிழந்தபோது வயது 16. நாடே பேசியது, மலையகமெங்கும் ஆர்ப்பாட்டம் செய்தார்கள், வழக்கு நடந்தது. அவளைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவரும் ஒரு தரகர். அந்தச் சமயத்தில் பல சபைகளில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று அப்போது எழுந்திருக்க வேண்டும்: எங்கள் சபைக்குட்பட்ட தோட்டங்களிலிருந்து இந்த நிமிடம் எத்தனை பிள்ளைகள் வீட்டு வேலையில் இருக்கிறார்கள், எந்த வீட்டில், எந்தத் தெருவில்? சில ஊழியர்கள் அந்தக் கேள்வியோடு கொப்பியைத் திறந்து எழுத ஆரம்பித்தார்கள். பெரும்பாலான இடங்களில் அது நடக்கவில்லை.

தரகருக்கு இருக்கும் தொடர்பு வலை அவ்வளவு நேர்த்தி. எந்த லயத்தில் யாருக்குச் சாதாரண தரம் தவறியது, எந்த வீட்டில் நுண்கடன் தவணை தவறியது என்பது அவருக்கு முதலில் தெரியும். நல்ல இளைஞர் ஊழியர் என்பவர் அந்தச் செய்தி தரகருக்குப் போவதற்கு ஒரு நாள் முந்தி அறிந்துகொள்பவர். இதைச் சொன்னால் சில போதகர்களுக்குக் கோபம் வரும்; ஊழியத்தை இவ்வளவு லௌகீகமாக்கலாமா என்பார்கள். லயத்துத் தாய்மாரிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

கல்லறையைப் பார்க்க வருகிறவர்கள்

பொகவந்தலாவை சென் மேரிஸ் ஆலயத்தைத் தேடி வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களில் அநேகர் பார்க்க வருவது அங்கே உள்ள ஒரு கல்லறையை. புகைப்படக் கலை வரலாற்றில் அழியாத பெயர் பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன் 1879 ஜனவரியில் டிக்கோயாவில் இறந்து இங்கே அடக்கம் செய்யப்பட்டார்; அடுத்த வருடம் அவர் கணவரும் பக்கத்திலேயே. அவர்கள் குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. தேயிலைக்கு முந்திய அந்தக் கோப்பிக் காலத்தில்தான் தோட்டங்களில் தமிழ் ஊழியமும் தொடங்கியது. 1854இல் ஆரம்பித்த ‘தமிழ் கூலி மிஷன்’ என்ற அமைப்பைத் தோட்டத் துரைமார் சிலரின் பணமும் சர்ச் மிஷனரி சொசைட்டி (சி.எம்.எஸ்.) மிஷனரிகளின் உழைப்பும் சேர்ந்து நடத்தின. பெயரே அந்தக் காலத்தின் பார்வையைக் காட்டிவிடும்.

ஆனால் மலை ஏறி இறங்கியது மிஷனரித் துரை மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள்தான் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள். காலையில் பிரட்டுக் களத்தில் ஆள் கூடும்போது நாலு வார்த்தை, சாயங்காலம் லயத்தில் நாலு வார்த்தை. எழுதப் படிக்கத் தெரிந்த தமிழன் ஒருவன் வந்திருக்கிறான் என்றால் ஊர்க் கடிதம் வாசிக்கவும் எழுதவும் அவனிடம்தானே போயிருப்பார்கள்? கடிதம் எழுதிக்கொடுத்த அந்த மனிதர்தான் இன்று போனில் குரல்பதிவு அனுப்புகிற ஊழியரின் நேர்முன்னோடி. கேமரன் அம்மையாருக்குக் கல்லறையும் வழிகாட்டிப் பலகையும் இருக்கின்றன. உபதேசியார்களில் எத்தனை பேர் இந்த மலைகளில் எங்கே புதைந்தார்கள் என்பதற்கு ஒரு பலகையும் இல்லை.

அந்த மிஷன் துரைமார் பணத்தில் நடந்தது என்பதையும் மறைக்க வேண்டாம். சம்பளம், கடன், சாட்டை பற்றி உபதேசியார் வாய் திறந்திருந்தால் மறுநாள் தோட்டத்துக்குள் கால் வைத்திருக்க முடியாது. இன்றைக்கும் தோட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் ஒரு தகரக் கொட்டகைகூடப் போட முடியாத நிலையில், ‘நமக்கேன் வம்பு’ என்ற பழக்கம் சபைகளில் தொடர்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு பொறி

தொடர்பு, நட்பு என்று பேசும்போது வேதநாயகம் சாமுவேல் அசரியாவை விட்டுவிட்டுப் பேச முடியாது. 1874இல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர், 1895இலிருந்து வை.எம்.சி.ஏ. செயலாளராகத் தென்னிந்தியா முழுக்கச் சுற்றிய இளைஞர் ஊழியர். 1902இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார். அங்கே தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெள்ளைக்காரர் கையை எதிர்பார்க்காமல் தங்கள் சொந்தக் காசில் இந்தியாவுக்கு ஊழியர் அனுப்பிக்கொண்டிருந்ததைக் கண்டார். யாழ்ப்பாணத்தார் செய்கிறார்கள், நாம் ஏன் செய்யவில்லை என்ற வெட்கத்தோடு ஊர் திரும்பியவர், 1903 பெப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்குவதில் முன்னின்றார். 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் அவர் பேசிய பேச்சு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. உங்கள் தியாகமும் பணமும் எங்களுக்கு வந்திருக்கின்றன, இனி எங்களுக்கு வேண்டியது உங்கள் நட்பு என்று வெள்ளை மிஷனரிகளின் முகத்துக்கு நேரே சொன்னார். மண்டபத்தில் சிலர் நெளிந்தார்கள். இரண்டு வருடத்தில் தோர்ணக்கல்லின் பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய பிஷப்.

மலையகத்தில் நின்று அசரியாவை வாசித்தால் நெளிய வேண்டியவர்கள் வேறு ஆட்கள். யாழ்ப்பாணத்தார், கொழும்பார், தமிழ்நாட்டார் இங்கே வருகிறார்கள். முகாமில் பேசுகிறார்கள், சட்டைத்துணி கொடுக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், போகிறார்கள். லயத்துப் பிள்ளைகளில் எத்தனை பேரின் போன் நம்பர் அவர்கள் போனில் இருக்கிறது? இதற்கான பதில் பெரும்பாலும் சங்கடமானதாகவே இருக்கும்.

இன்னொரு வேடிக்கை. யூடியூப் வந்தபிறகு லயத்துப் பையனுக்குச் சென்னையில் ஆராதனை நடத்தும் பாடகர்கள் அத்தனை பேரின் பெயரும் தெரியும். கீபோர்டு வாசிக்கும் பிள்ளை அந்தப் பாடல்களின் ராகத்தை விரல்நுனியில் வைத்திருக்கிறாள். அடுத்த டிவிசனில் ஞாயிறு பாடசாலை நடத்தும் அக்காவை இருவருக்கும் தெரியாது. அவர் வேறு சபை.

கீழே இருந்து பார்த்தவர்கள்

கத்தோலிக்கர் பக்கம் வேறொரு மரபு இருக்கிறது. பெல்ஜியத்தில் தொழிலாளி வீட்டில் பிறந்த ஜோசப் கார்டைன் குருமடத்துக்குப் போனார். கூடப் படித்த பையன்கள் தொழிற்சாலைக்குப் போனார்கள். விடுமுறைக்கு வீடு திரும்பியபோது பழைய நண்பர்கள் அவரை அந்நியனாக, எதிரியாகப் பார்த்தார்கள். அந்த வலியிலிருந்து 1925இல் பிறந்தது இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம். அவர் பழக்கிய முறை மூன்றே படி: நடப்பதைப் பார், சீர்தூக்கு, செயல்படு. இளைஞருக்குப் பெரியவர் வந்து உபதேசம் செய்வது கிடையாது. தொழிலாளி இளைஞனே தன் கூட்டாளிகளின் நிலையைக் குறித்துக்கொண்டு வந்து பேச வேண்டும். இயக்கம் இலங்கைக்கும் வந்தது.

இங்கே அந்தப் பார்வைக்கு ஆழம் கொடுத்தவர் இயேசு சபைக் குருவான போல் கஸ்பர்ஸ். 1972இல் கண்டியில் ‘சத்தியோதய’ நிலையத்தைத் தொடங்கினார். அடுத்தடுத்த வருடங்களில் தோட்டங்களில் பஞ்சம். மக்கள் பசியால் செத்த காலம். தோட்டப் பகுதியில் வேலை செய்யும் அமைப்புகளை ஒன்றாக இழுத்து 1974இல் ஒரு கூட்டுச் செயலகம் அமைக்கப்பட்டதில் அவர் பங்கு பெரிது. சிங்களவர், தமிழர், பௌத்தர், இந்துக்கள், கிறிஸ்தவர் என்று எல்லாரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். 2017இல் இறக்கும்வரை அவர் மலையக மக்களைப் பற்றிப் பேசுவதை விடவில்லை. அதே காலத்தில் கண்டி பிஷப்பாக இருந்து, 1972இல் புதிதாக அமைந்த பதுளை மறைமாவட்டத்தின் முதல் பிஷப்பாகப் போன லியோ நாணயக்காரவும் ஏழைகளின் பக்கம் நிற்பதே திருச்சபைக்கு வேலை என்று நின்றவர்.

சுவிசேஷ சபைகளின் பக்கமிருந்து ஒரு பெயரைச் சொல்வதானால் அஜித் பெர்னாண்டோ. 1976 முதல் 2011 வரை முப்பத்தைந்து வருடம் ‘யூத் ஃபோர் கிறைஸ்ட்’ அமைப்பின் இலங்கைத் தேசிய இயக்குநர். உலகமெங்கும் மேடை கிடைத்த எழுத்தாளர். அழைப்புகள் வந்தும் நாட்டை விட்டுப் போகவில்லை. எண்பதுகளின் கலவரத்திலும் போரிலும் சிங்கள, தமிழ் ஊழியர்களை ஒரே அமைப்புக்குள் வைத்து நடத்தியது சின்ன விஷயமில்லை. கஷ்டம் இல்லாத இடத்துக்கு ஊழியத்தை மாற்றிக்கொள்வதைக் கர்த்தர் காட்டிய வழி என்று சொல்லிக்கொள்ளும் வழக்கத்தை அவர் புத்தகங்கள் கடுமையாகக் கேள்வி கேட்கின்றன. மலையகத்துக்கு வந்து இரண்டு வருடத்தில் கொழும்புக்கு மாற்றல் வாங்கும் ஊழியர்களைப் பார்க்கும்போது அந்தக் கேள்வி ஞாபகத்துக்கு வரும்.

ஊழியரின் சொந்தக் கணக்கு

அப்படி மாற்றல் வாங்குகிறவர்களை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. முழுநேர இளைஞர் ஊழியர் என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது, அனேகமாக, தோட்டத்தில் பிறந்து உயர்தரம் வரை படித்த இருபத்தைந்து வயதுப் பையன் அல்லது பெண். மாதத்தொகைக்குப் பெயர் அலவன்ஸ். ஊழியர் சேமலாப நிதி கிடையாது, விடுமுறை கிடையாது. பஸ் கட்டணம் கூடும்போதெல்லாம் அதே அலவன்ஸில் நடந்து தீர்க்க வேண்டும். “ஒன் வயசுப் பசங்க டுபாய் போயிட்டானுங்க” என்று அம்மா சொல்லாத வாரம் இல்லை. பெண் ஊழியருக்கு இன்னொரு பாரமும் உண்டு: இருட்டுவதற்குள் லயத்திலிருந்து இறங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு. ஆனால் பிள்ளைகள் வீட்டில் இருப்பதே இருட்டிய பிறகுதான்.

இரவில் வரும் அழைப்புகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. காதல் பிரச்சினை, குடித்துவிட்டு அடிக்கும் அப்பா, செத்துப்போகலாமா என்று கேட்கும் பதினேழு வயது. இதற்கு எந்த வேதாகமக் கல்லூரியும் போதிய பயிற்சி கொடுப்பதில்லை. ஜெபித்தால் சரியாகும் என்று சொல்லி போனை வைத்துவிட்டு, விடியும்வரை தூங்காமல் கிடந்ததாக ஓர் ஊழியர் சொன்னார். இப்போது அவர் ஹட்டனில் ஒரு டாக்டரின் நம்பரையும் டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஒரு தாதியின் நம்பரையும் வைத்திருக்கிறார். ஜெபத்தையும் விடவில்லை.

பிள்ளைகளோடு பழகுவதில் கட்டுப்பாடு வேண்டும் என்ற பேச்சையும் இங்கே தைரியமாக எடுக்க வேண்டும். பெரியவர் ஒருவர் சிறுவரோடு தனியே இருக்கக் கூடாது, முகாமில் பெண் பிள்ளைகளுக்குப் பெண் பொறுப்பாளர் கட்டாயம், போட்டோவைப் பெற்றோர் அனுமதி இல்லாமல் பேஸ்புக்கில் போடக் கூடாது. எழுதிவைத்த விதி இல்லாத குழுக்கள் இன்னும் நிறைய. நன்கொடையாளருக்கு அனுப்புவதற்காகக் கிழிந்த கவுனோடு பிள்ளையை நிற்கவைத்துப் படம் எடுப்பதும் துஷ்பிரயோகத்தின் ஒரு வகைதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆடு திருட்டு

சபைக்காரர் நடுவே புழங்கும் சொல் இது. ஒரு சபையின் விசுவாசியை இன்னொரு சபை இழுத்துக்கொள்வது. ஐம்பது வீடுள்ள டிவிசனில் மூன்று சபை. மூன்றுக்கும் ஒரே நேரத்தில் வாலிபர் கூட்டம். ஒலிபெருக்கி மூன்று திசையில். வருகிற பிள்ளைகள் மொத்தம் பதினைந்து. சிறுபான்மைக்குள் சிறுபான்மையாக இருப்பவர்கள் இப்படிப் பிரிந்து நிற்பதைப் பார்த்து மாரியம்மன் கோயில் கமிட்டிக்காரர் சிரிக்காமல் என்ன செய்வார்?

மதமாற்றப் பேச்சையும் தவிர்க்க முடியாது. மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். திருவிழாவும் காமன் கூத்தும் அவர்களின் உயிர். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பிய மதத்தைத் தழுவும் உரிமையைக் கொடுக்கிறது. 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதலிடம் கொடுக்கிறது. 2004இல் ஜாதிக ஹெல உறுமய கட்சி கொண்டுவந்த மதமாற்றத் தடை மசோதா உயர் நீதிமன்றத்தில் சிக்கி, சட்டமாகாமல் போனது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். டியூஷன் வகுப்புக்கு வரும் இந்துப் பிள்ளையிடம், ஞாயிற்றுக்கிழமை வந்தால்தான் கொப்பி தருவோம் என்று சொன்னால் அது ஊழியமா, வியாபாரமா? அப்படிச் செய்கிற இடங்கள் உண்டு. செய்யாத இடங்களும் உண்டு. அங்கே வொலிபோல் அணியில் பாதிப்பேர் திருநீறு பூசியவர்கள். மேட்ச் முடிந்ததும் ஊழியர் ஜெபிக்கிறார், அவர்கள் நிற்கிறார்கள், யாரும் யாரையும் கணக்குப் பார்ப்பதில்லை. டிசம்பரில் கரோல் போகும்போது அந்தப் பையன்கள்தான் கிட்டாரையும் டோலக்கையும் தூக்கிக்கொண்டு முன்னே நடக்கிறார்கள். இந்து வீடுகளிலும் கதவு திறக்கும். சாயத்தண்ணியும் முறுக்கும் வரும்.

எல்லாரும் ஒன்றாக நடக்க முடியும் என்பதற்குப் பெரிய சாட்சி ஒன்று சமீபத்தில் கிடைத்தது. மலையகத் தமிழர் வந்து இருநூறு வருடம் நிறைந்ததையொட்டி, முன்னோர் நடந்த வழியிலேயே 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்த நடைபயணம். இலங்கை தேசிய கிறிஸ்தவ மன்றமும் ‘மாண்புமிகு மலையக மக்கள்’ கூட்டணியும் சேர்ந்து முன்னெடுத்தன. வீட்டுரிமை, காணியுரிமை, சமத்துவம் என்று கோரிக்கைகள். கிறிஸ்தவ மன்றம் முன்னின்ற ஒரு பயணத்தில் யாரும் யாரிடமும் சபைப் பதிவேட்டைக் கேட்கவில்லை. வழிநெடுகச் சிங்கள ஊர்களிலும் முஸ்லிம் ஊர்களிலும் தண்ணீர் கொடுத்தார்கள். அந்தப் பாதையில் நடந்த இளைஞர்கள் பலருக்கு மற்றத் தோட்டங்களில் இன்று நண்பர்கள் இருக்கிறார்கள்.

அந்த நட்பின் பலன் 2025 நவம்பர் கடைசியில் தெரிந்தது. டித்வா புயலில் மலையகம் சரிந்து, வீதியும் ரயில் பாதையும் அறுந்து, பல இடங்களில் போனும் செத்துப்போனது. எந்த லயத்துக்கு எந்தக் குறுக்குப்பாதை, எந்த வீட்டில் நடக்க முடியாத ஆச்சி இருக்கிறார் என்பதை வரைபடம் சொல்லாது; வாராவாரம் ஏறி இறங்கிய கால்கள்தான் சொல்லும். அரிசிப் பை தூக்கிக்கொண்டு போன இளைஞர்களில் எந்தச் சபை என்று அன்றைக்குக் கேட்க ஆளில்லை. வெள்ளம் வடிந்ததும் பழையபடி கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

செய்யக்கூடியது

இதற்கெல்லாம் பெரிய திட்டமோ வெளிநாட்டுப் பணமோ தேவையில்லை. பொகவந்தலாவையிலிருந்து ஹட்டன் வரை உள்ள சபைகளின் இளைஞர் பொறுப்பாளர்கள் மாதம் ஒரு தடவை, போயா தினத்தில், ஒரு மேசையில் உட்காரட்டும். பாதர், போதகர், சிஸ்டர், பெந்தெகொஸ்தே பாஸ்டர், எல்லாரும். ஜெபம் பத்து நிமிடம் போதும். மீதி நேரம், அந்த மாதம் தோட்டத்தை விட்டுப் போன பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பேசட்டும். எங்கே போனான், யார் கூட்டிப் போனது, அந்த ஊரில் நமக்கு யாரைத் தெரியும். அந்தப் பட்டியலில் இந்துப் பிள்ளைகளும் இருக்கட்டும்.

கொழும்பிலுள்ள சபைகளுக்கும் ஒரு வேண்டுகோள். மலையிலிருந்து ஓர் ஊழியர் போன் செய்து, ‘எங்க பையன் ஒருத்தன் உங்க பக்கம் வந்திருக்கான், கொஞ்சம் போய்ப் பாருங்க’ என்று சொன்னால், ஆராதனைக்கு அனுப்பிவையுங்கள் என்று பதில் சொல்லாதீர்கள். ஹோட்டல் வேலைக்காரனுக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. நீங்கள்தான் போக வேண்டும், அதுவும் இரவு பதினொரு மணிக்கு, அவன் கோப்பை கழுவி முடித்த பிறகு.

பிள்ளையை வேலைக்கு அனுப்பும் தாய்மாரே, போகும் முன் முதலாளியின் பெயர், முழு முகவரி, போன் நம்பர் மூன்றையும் எழுதி வாங்கி, ஒரு பிரதியை உங்களுக்கு நம்பிக்கையான யாரிடமாவது கொடுத்துவையுங்கள். சிறுவருக்கு ஏதும் ஆபத்து என்றால் 1929, மனம் உடைந்து பேச ஆளில்லை என்றால் 1926, பொலிஸுக்கு 119. இந்த மூன்று எண்களையும் லயத்துச் சுவரில் கரிக்கட்டியால் எழுதிவைத்தாலும் போதும்.